நேற்றுவரை திறந்ததே!

வானொலியில் வேலை பார்ப்பவர்களைப் பற்றி ஊருக்குள் ஒரு தவறான எண்ணம் உண்டு. நாள் முழுக்கப் பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோமாம். அதனால் பொத்தான் உள்ள எது நின்றுபோனாலும் எங்களுக்குச் சரிசெய்யத் தெரியுமாம். கோயில் ஒலிபெருக்கி கரகரத்தால் எனக்கு அழைப்பு. பெரியம்மா வீட்டுத் தொலைக்காட்சியில் படம் வராவிட்டால் எனக்கு அழைப்பு. "நான் படிச்சது ஊடகத் துறைங்க" என்று சொன்னால், "அதான்மா, மீடியா! எங்களுக்குத் தெரியாதா?" என்கிறார்கள். இதற்கு மேல் என்ன வாதாடுவது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. மாலை நேரலையை முடித்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தபோது இரவு ஒன்பதரை. கிள்ளானில் எங்கள் தாமானில் உள்ள மரண சகாய நிதிச் சங்கத்தின் பொருளாளர் அழைத்தார். ரத்த உறவில்லை, அப்பாவோடு முப்பது ஆண்டுப் பழக்கம் என்பதால் எனக்கு மாமா.

"பாப்பா, கொஞ்சம் சங்கத்துக்கு வந்துட்டுப் போறியா? கம்ப்யூட்டர் உள்ளே விடமாட்டேங்குது."

"நாளைக்குப் பார்க்கலாமா மாமா?"

"நாளைக்கு எடுக்குறாங்கம்மா."

அந்த ஒரு சொல்லில் எழுந்துவிட்டேன். மதியம் ஓர் உறுப்பினர் இறந்திருந்தார். மறுநாள் பகல் சடங்கு. சந்தா பாக்கி இல்லாத உறுப்பினர் இறந்தால், உடல் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, அவர் பெயர் கொடுத்திருக்கும் வாரிசுதாரர் கையில் மூவாயிரம் ரிங்கிட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்பது சங்கத்தின் விதி. யார் அந்த வாரிசுதாரர் என்பதில்தான் சிக்கல். பத்து ஆண்டாக அவரைப் பார்த்துக்கொண்டது நான், என்னைத்தான் எழுதியிருப்பதாகச் சொன்னார் என்கிறார் தம்பி. அப்பா என் பெயரைத்தான் கொடுத்தார் என்கிறார் ஜொகூரிலிருந்து வந்து இறங்கிய மகள். இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்லர். பதில் கணினிக்குள் இருக்கிறது. காகிதப் பேரேடு எழுதுவதை ஆறு ஆண்டுகளுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள்.

சங்கத்தின் அலுவலகம் ஒரு கடைவீட்டின் மாடி. கீழே டியூஷன் சென்டர். நான் போனபோது அந்த மகள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வழிவிட்டு எழுந்து நின்றார். கணினி பழுது பார்க்க வந்த பெரிய ஆள் என்று நினைத்திருப்பார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன் இடி விழுந்து பழைய கணினி போய்விட்டது. பக்கத்துக் கடைக்காரர் புதுக் கணினி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, வாராவாரம் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து உறுப்பினர் விவரங்களை ஏற்றி, அங்கேயே திறந்து காட்டிப் பணம் வாங்கிப் போயிருக்கிறார். புதுக் கணினியில் திறந்தது. மாமா வேலை பார்ப்பது அதில் அல்ல, தன் மடிக்கணினியில். ஒரே வைஃபை வழியாக அது சர்வர் கணினியோடு பேசும். அதை இந்த மூன்று வாரமும் யாரும் திறந்து பார்க்கவில்லை. சாவு வந்தபோதுதான் பார்த்தார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைச் செய்தேன். தோழியை அழைத்தேன். பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒரே விடுதி. நான் ஊடகம், அவள் கணினி. இப்போது சைபர்ஜெயாவில் ஒரு தரவு மையத்தில் இருக்கிறாள். பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தவள் காணொலி அழைப்பில் வந்தாள்.

"லாகின் ஆகலைடி" என்றேன்.

"அது எனக்கு வேண்டாம். திரையில என்ன எழுதியிருக்கு? ஒரு எழுத்து விடாம படி."

அன்றிரவு மூன்று மணி நேரத்தில் இந்தக் கேள்வியை அவள் ஏழெட்டு முறை கேட்டிருப்பாள். நம்மில் பலர் பிழைச் செய்தியைப் படிப்பதே இல்லை. சிவப்பாக ஏதோ வந்தால் போதும், மூடிவிட்டு மறுபடி அதே கடவுச்சொல்லை இன்னும் அழுத்தி அடிப்போம். கணினி அந்த நேரத்தில் எந்தக் கதவில் நாம் நிற்கிறோம் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எங்கள் நேரலை அழைப்பை வைத்துச் சொல்கிறேன், எளிதாகப் புரியும். நீங்கள் நிலையத்துக்கு அழைக்கிறீர்கள். எண்ணே தவறு என்றால் யாரும் எடுக்கமாட்டார்கள். காத்துக் காத்து அலுத்துவிடும். எண் சரி, தொலைபேசிப் பிரிவில் ஆள் எடுக்கிறார், ஆனால் இன்றைய நிகழ்ச்சிக்கு உங்கள் ஊர்க்காரர்கள் பட்டியலில் இல்லை என்கிறார் என்றால் அது வேறு. பட்டியலில் ஊர் இருக்கிறது, ஆனால் பதிவு எண்ணைத் தவறாகச் சொல்கிறீர்கள் என்றால் அது இன்னும் வேறு. எல்லாம் தாண்டி உள்ளே வந்த பிறகும், பாட்டு கேட்கத்தான் அனுமதி, கவிதை வாசிக்க அனுமதியில்லை என்பதும் நடக்கும். வெளியே நிற்கிறவருக்கு இந்த நான்கும் ஒன்றுதான்: "லைன் கிடைக்கல."

சங்கத்தில் இருந்தது போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்திலிருந்து வளர்ந்தது. இலவசம், பெரிய நிறுவனங்களும் பயன்படுத்துகின்றன. அதற்கு மேல் உறுப்பினர் படிவம் மைக்ரோசாஃப்ட் ஆக்செஸில் செய்யப்பட்டது. இரண்டுக்கும் நடுவே பேசிக்கொள்ள ஓ.டி.பி.சி. என்ற டிரைவர். சங்கத்தில் முன்பிருந்த ஒரு தம்பி, சம்பளம் வாங்காமல், பல இரவுகள் உட்கார்ந்து செய்து கொடுத்தது. அவர் இப்போது சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறார்.

முதல் செய்தி 'கனெக்ஷன் டைம்ட் அவுட்'. கேட்டேன், பதிலே வரவில்லை என்று பொருள். "இது பாஸ்வேர்டு பிரச்சினையே இல்ல. அங்கே ஆளே எடுக்கல" என்றாள் தோழி. மடிக்கணினி தேடியது பழைய கணினியின் முகவரியை: 192.168.0.10. புதுக் கணினிக்கு ரவுட்டர் வேறு எண் கொடுத்திருந்தது. திருத்தினோம். மறுபடியும் அதே மௌனம். இம்முறை காரணம் விண்டோஸின் ஃபயர்வால். போஸ்ட்கிரெஸ் வழக்கமாகக் காத்திருக்கும் 5432ஆம் எண் வாசலுக்கு வெளியிலிருந்து வருகிற எதையும் அது சத்தமில்லாமல் கீழே போட்டுக்கொண்டிருந்தது. இங்கே ஒரு நுணுக்கம் சொன்னாள். பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் முகவரியையோ ஃபயர்வாலையோ பார். உடனடியாக 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' என்று வந்தால், கணினி கிடைத்துவிட்டது, அந்த வாசலில் யாரும் உட்காரவில்லை என்று அர்த்தம். சேவை ஓடுகிறதா, வெளியாட்களிடம் பேச அனுமதித்திருக்கிறதா என்று பார். வானொலியிலும் அப்படித்தான். இரைச்சல் வந்தால் எங்களுக்கு அவ்வளவு பயமில்லை. மௌனம் வந்தால்தான் ஓடுவோம்.

ஃபயர்வாலில் அந்த ஒரு வாசலை மட்டும் திறந்ததும் செய்தி மாறியது. 'இந்த முகவரியிலிருந்து வரும் இந்தப் பயனருக்குப் பட்டியலில் இடமில்லை' என்ற பொருளில் ஒரு வரி. நான் சோர்ந்துபோனேன். தோழி கைதட்டினாள்.

"செய்தி மாறிச்சுன்னா நல்லதுடி. ஒரு கதவு தாண்டிட்டோம்."

அவள் சொன்ன பட்டியல், போஸ்ட்கிரெஸில் பி.ஜி.எச்.பி.ஏ. என்று பெயர் கொண்ட ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறக்கலாம். யார், எந்தத் தரவுத்தளத்துக்கு, எந்த முகவரியிலிருந்து வந்தால், எப்படிச் சோதித்து உள்ளே விடுவது என்று வரிவரியாக எழுதியிருக்கும். வாசல் காவலாளியின் கையில் இருக்கும் தாள். காவலாளி மேலிருந்து கீழே படிப்பார். பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திவிடுவார். அந்த வரியில் சோதனை தோற்றால், அடுத்த வரியில் எவ்வளவு தாராளமாக எழுதியிருந்தாலும் போய்ப் பார்க்கமாட்டார். எந்த வரியும் பொருந்தாவிட்டால் அனுமதியில்லை. புதிதாக நிறுவும்போது அந்தத் தாளில், அதே கணினிக்குள்ளிருந்து வருகிறவர்களுக்கு மட்டும்தான் இடமிருக்கும். கடைக்காரர் திறந்து காட்டியபோது திறந்ததற்கும், மாமாவின் மடிக்கணினியில் திறக்காததற்கும் இதுதான் காரணம். "இங்கே வேலை செய்யுது, உங்க லேப்டாப்லதான் கோளாறு" என்று அவர் கைப்பேசியில் சொன்னதும் அவரளவில் உண்மையே.

மாமாவின் மடிக்கணினிக்கு ஒரு வரி சேர்த்தோம். சோதிக்கும் முறை என்ற இடத்தில் 'ஸ்க்ராம்' என்பதை எழுதச் சொன்னாள். கடவுச்சொல்லையே கம்பி வழியாக அனுப்பாமல், அது தனக்குத் தெரியும் என்று இரு தரப்பும் ஒன்றுக்கொன்று நிரூபிக்கும் முறை. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் சேர்ந்தது. 2021இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து கடவுச்சொல்லைச் சேமிக்கும் இயல்பான வழியும் இதுவே. கோப்பைத் திருத்தினால் விண்டோஸில் அடுத்த இணைப்பிலேயே நடப்புக்கு வந்துவிடும். லினக்ஸ் கணினியாக இருந்தால், கோப்பை மறுபடி படி என்று சர்வருக்கு ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். இது தெரியாமல் ராத்திரி முழுக்கச் சரியான வரியையே திருத்தித் திருத்தி எழுதியவர்களைத் தன் அலுவலகத்தில் பார்த்திருக்கிறாளாம்.

அடுத்து வந்தது, '10ஆம் எண் சோதனை முறையை ஆதரிக்கவில்லை' என்ற செய்தி. இதில் நான் ஏமாந்தேன். சர்வர்தான் மறுக்கிறது என்று நினைத்தேன். மறுத்தது மடிக்கணினி. அதிலிருந்த டிரைவர் அந்தக் காலத்தது. ஸ்க்ராம் என்ற புது மொழி அதற்குத் தெரியாது. அலுவலக இணையத்தில் புது டிரைவரை இறக்கிப் போட இருபது நிமிடம். அதற்குள் மாமா இரண்டு முறை படி இறங்கி, அந்த மகளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்தார். அவருடைய சித்தப்பாவும் வந்து கீழே நின்றுகொண்டிருந்தார். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

மணி பதினொன்றே முக்கால். டிரைவர் போட்டாயிற்று. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பயனர் பெயர் அடித்து, கடவுச்சொல் அடித்தார்.

'பாஸ்வேர்டு ஆதென்டிகேஷன் ஃபெயில்டு.'

"இல்லையே! இதான் பாஸ்வேர்டு. ஆறு வருஷமா இதான்!"

மறுபடி அடித்தார். மறுபடி அதே. அவருடைய கை நடுங்கியது. சங்கத்தின் இளைஞர் பிரிவுத் தம்பி ஒருவர் அதுவரை ஓரமாகக் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்தவர், பிரகாசமாக நிமிர்ந்தார். "அக்கா, கிடைச்சிருச்சு! அந்த ஃபைல்ல ஸ்க்ராம்னு இருக்கிற இடத்துல டிரஸ்ட்னு மாத்தினா போதுமாம். பாஸ்வேர்டே கேட்காதாம்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. படியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சொல்லை மாற்றினால் முடிந்துவிடும். நாளைக்குத் திரும்ப மாற்றிக்கொள்ளலாமே? கையை விசைப்பலகையில் வைத்தும்விட்டேன்.

"கையை எடு" என்றாள் தோழி, பிள்ளை எழுந்துவிடும் அளவுக்குச் சத்தமாக. பிறகு மாமாவிடம், "மாமா, ஒண்ணு கேட்கிறேன். இந்த ஆறு வருஷத்துல எப்பவாச்சும் பாஸ்வேர்டு தப்பா அடிச்சிருக்கீங்களா?"

மாமா யோசித்தார். சிரித்தார். "ஒரு தடவை கண்ணாடி இல்லாம அடிச்சேன்மா. என்னமோ அடிச்சேன். ஆனா திறந்துருச்சு. பழகின கம்ப்யூட்டர், நம்ம கை அதுக்குத் தெரியும்போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

அந்தப் பக்கம் தோழி ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "பழைய ஹார்ட் டிஸ்க் எங்கே?" என்றாள்.

கடைக்காரர் அதை நெகிழிப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார். இடியில் செத்தது மின் பகுதிதான், டிஸ்க் பிழைத்திருந்தது. இளைஞர் பிரிவுத் தம்பியிடம் அதைக் கணினியில் மாட்டும் யூ.எஸ்.பி. பெட்டி ஒன்று இருந்தது. ஓடிப்போய் எடுத்து வந்தார். பழைய பட்டியல் கோப்பைத் திறந்தோம். நிறுவும்போது தானாக வந்த வரிகளுக்கு மேலே, யாரோ கையால் சேர்த்த ஒரே ஒரு வரி: எல்லாத் தரவுத்தளம், எல்லாப் பயனர், 0.0.0.0/0, டிரஸ்ட்.

எந்த முகவரியிலிருந்து வந்தாலும், யார் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும், எதுவும் கேட்காமல் உள்ளே விடு என்று அர்த்தம். முதல் வரியே பொருந்திவிடுவதால் காவலாளி அடுத்த வரிக்குப் போனதே இல்லை. மாமா ஆறு ஆண்டுகளாக அடித்த கடவுச்சொல்லை யாரும் பார்க்கவே இல்லை. அது சரியா, தவறா என்ற கேள்வியே எழவில்லை.

அந்தச் சிங்கப்பூர்த் தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கும் இதே மாதிரி ஓர் இரவு இருந்திருக்கும். இதே மாதிரி ஒரு சிவப்பு வரி வந்திருக்கும். இப்போதைக்கு என்று அந்தச் சொல்லைப் போட்டிருப்பார். வேலை செய்ததும் எல்லோரும் தே தாரிக் குடிக்கப் போயிருப்பார்கள். வேலை செய்கிற ஒன்றை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

உள்ளே என்ன இருந்தது என்பதை நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. நானூறுக்கு மேற்பட்ட குடும்பங்கள். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, கைப்பேசி எண், வாரிசுதாரர் பெயர், சிலருடைய வங்கிக் கணக்கு எண். அலுவலகத்தின் வைஃபையைக் கீழே உள்ள டியூஷன் பிள்ளைகளும் பயன்படுத்துகிறார்கள். அதன் கடவுச்சொல்லைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நல்லவேளை, ரவுட்டருக்கு வெளியே இணையத்திலிருந்து வரும் வழியை யாரும் திறந்துவிட்டிருக்கவில்லை. ஆனால் அந்த வைஃபைக்குள் இருந்த எந்தக் கைப்பேசியும், கொஞ்சம் விவரம் தெரிந்த எந்தப் பிள்ளையும், தலைமை நிர்வாகியின் பெயரைச் சொல்லி உள்ளே போயிருக்கலாம். பார்க்க மட்டுமல்ல, மாற்றவும்.

சரி, அப்படியென்றால் இப்போது ஏன் கடவுச்சொல் தவறு என்கிறது? தோழி அடுத்து அனுப்பியது சர்வரின் லாக் கோப்புக்கு. போஸ்ட்கிரெஸின் தரவுக் கோப்புறைக்குள்ளேயே 'லாக்' என்று ஒரு கோப்புறை. அதில் கடைசிப் பக்கத்தில், அதே நொடிக்கு நேராக, வாசலில் நமக்குச் சொல்லாத ரகசியம் இருந்தது. 'அப்படி ஒரு பயனரே இல்லை.' கூடவே, பட்டியலின் எத்தனையாவது வரி பொருந்தியது என்பதும்.

வெளியே நிற்கிறவரிடம் இந்த வேறுபாட்டை அது வேண்டுமென்றே சொல்வதில்லையாம். பெயர் தவறா, சொல் தவறா என்று சொன்னால், திருட வருகிறவன் பெயர்களை ஒவ்வொன்றாகச் சோதித்து எவை உண்மை என்று தெரிந்துகொள்வான். அதனால் இரண்டுக்கும் ஒரே பதில். உண்மை உள்ளே, லாக்கில். உள்நுழைவுக் கோளாறைத் திரையில் மட்டும் வைத்துத் தீர்க்கப் பார்ப்பது, நோயாளியிடம் பேசாமல் வாசலில் நிற்கும் செருப்பைப் பார்த்து மருந்து கொடுப்பது போல என்றாள். அவளுக்குத் தூக்கக் கலக்கம். உவமை கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும்.

பயனர் எங்கே போனார்? பென்டிரைவில் வாராவாரம் எடுத்த நகலில் அந்த ஒரு தரவுத்தளம் மட்டுமே இருந்தது. போஸ்ட்கிரெஸில் பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் தரவுத்தளத்துக்குள் இல்லை. அவை சர்வர் முழுமைக்கும் பொதுவாகத் தனியே இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து எடுக்க வேறு கட்டளை உண்டு. உங்கள் கடையிலோ கோயிலிலோ இப்படி ஏதாவது ஓடினால், நகல் எடுக்கிறவரிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டு வையுங்கள்: பயனர்களையும் சேர்த்து எடுக்கிறீர்களா? ஒரு முறையாவது வேறு கணினியில் ஏற்றி, வெளியிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தீர்களா?

அதன்பின் வேலை வேகமாக நடந்தது. புதுக் கணினியின் நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கடைக்காரர் ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கணினியின் முதுகிலேயே ஒட்டியிருந்தார். அன்றைக்கு அது கைகொடுத்தது, அன்றிரவே கிழித்துவிட்டோம். மாமாவுக்கு ஒரு பெயர், செயலாளருக்கு ஒரு பெயர், தலைவருக்கு ஒரு பெயர் என்று தனித்தனியாகப் பயனர்களை உருவாக்கினாள். முன்பு மூவருக்கும் ஒரே பெயர்தான். மாமா உள்ளே நுழைந்தார். உடனே 'இந்த அட்டவணைக்கு அனுமதியில்லை' என்றது. நான் இம்முறை பதறவில்லை. இது உள்ளே வந்த பிறகு கேட்கிற கேள்வி என்று எனக்கே தெரிந்துவிட்டது. யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்ற உரிமைகளைக் கொடுத்தாள். படிவம் திறந்தது. மணி பன்னிரண்டே முக்கால்.

சந்தா பாக்கி இல்லை. வாரிசுதாரர் என்ற கட்டத்தில் மகளின் பெயர்.

மாமா எழுந்தார். எழுந்தவர் நின்றுவிட்டார். "பாப்பா, ஆறு வருஷமா யாரு வேணும்னாலும் மாத்தியிருக்கலாம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அந்த அறையில் இருந்த நான்கு பேரில், அதை முதலில் யோசித்தது கணினி தெரியாதவர்தான்.

பென்டிரைவில் பழைய நகல்கள் தேதிவாரியாக இருந்தன. மூன்று ஆண்டுக்கு முந்தையதைத் தனியாக ஏற்றிப் பார்த்தோம். அதில் தம்பியின் பெயர்! எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆக, நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார்? எப்போது? எல்லோரும் ஒரே பெயரில் நுழைந்ததால் லாக்கும் ஒன்றும் சொல்லாது. மாமா பேசாமல் போய் இரும்பு அலமாரியைத் திறந்தார். பேரேட்டைத்தான் நிறுத்தியிருந்தார்கள், விண்ணப்பப் படிவங்களை அவர் எறியவில்லை. அரை மணி நேரம் தேடினோம். போன ஆண்டுத் தேதியிட்ட ஒரு மாற்றப் படிவம் கிடைத்தது. இறந்தவரின் கையெழுத்து, சாட்சியாக மாமாவின் கையெழுத்து. தம்பியின் பெயருக்குப் பதில் மகள். மாற்றியது மாமாவே, மறந்துபோயிருந்தார்.

படிவத்தை எடுத்துக்கொண்டு கீழே போனார். முதலில் அந்தத் தம்பியிடம்தான் காட்டினார். அவர் கைவிளக்கின் வெளிச்சத்தில் அண்ணனின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அண்ணன் எழுத்துதான்" என்று சொல்லிவிட்டு, படியில் இருந்த பெண்ணிடம் போய், "வாம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார். பணத்தை மாமா அப்போதே எண்ணிக் கொடுத்தார்.

மறுவாரம் மிச்ச வேலைகள். சர்வருக்கும் மாமாவின் மடிக்கணினிக்கும் மாறாத முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கினோம். டியூஷன் பிள்ளைகளுக்குத் தனி வைஃபை. யார் எப்போது நுழைந்தார்கள் என்பதை லாக்கில் எழுதும்படி அமைத்தோம். பட்டியல் கோப்பில் டிரஸ்ட் என்ற சொல் எங்கும் இல்லை என்று தோழி இரண்டு முறை தேடிப் பார்த்தாள். உறுப்பினர்களிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று செயற்குழுவில் பெரிய வாக்குவாதம். சொல்லத்தான் வேண்டும் என்று மாமா ஒற்றைக் காலில் நின்றார். அடுத்த கூட்டத்தில் சொன்னார். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் தன் வங்கிக் கணக்கு எண்ணை அழிக்கச் சொன்னார். அழித்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை நான் ஒலிபரப்பு அறைக்குள் போகிற நேரத்தில் மாமாவிடமிருந்து அழைப்பு. மறுபடியுமா என்று நெஞ்சு திக்கென்றது.

"பாப்பா, பாஸ்வேர்டுல ஒரு எழுத்து தப்பா அடிச்சிட்டேன்."

"என்ன ஆச்சு மாமா?"

"உள்ளே விடலைம்மா!" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.